சோலார் வந்த ஊர்கள் ஐந்தாம் ஆண்டில் ஏன் மறுபடி இருண்டுவிடுகின்றன?

மேட்டுநிலம் எழுதியது:

மின்கம்பி எட்டாத கிராமங்களுக்கான சோலார் திட்டங்களை மதிப்பிடும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். எந்தத் திட்ட அறிக்கையைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் எத்தனை கிலோவாட், எத்தனை வீடு, எப்போது திறப்பு விழா என்று இருக்கும். ஆறாம் ஆண்டில் பேட்டரி மாற்றப் பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது. அந்த ஒரு வரி இல்லாததால்தான் நல்ல திட்டங்கள் பல வீணாய்ப் போகின்றன என்று நினைக்கிறேன்.

2010இல் உலகில் மின்சாரம் இல்லாதவர்கள் 110 கோடிக்கும் மேற்பட்டோர். 2022இல் அது 68.5 கோடி. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் பத்தாண்டுகளில் முதல்முறையாக அந்த ஆண்டு எண்ணிக்கை குறையாமல் கூடியது. புதிய இணைப்புகளைவிட மக்கள்தொகை வேகமாக வளர்ந்துவிட்டது. மிஞ்சியிருப்பவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் வாழ்கிறார்கள். 2030க்குள் அங்கே 30 கோடிப் பேருக்கு மின்சாரம் தருவதாக உலக வங்கியும் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியும் 2024இல் சேர்ந்து அறிவித்திருக்கின்றன. பெரும் பணம் இறங்கப்போகிறது. அதனால் இப்போதே பேசிவிட வேண்டும்.

வீட்டுக்கு வீடு தனி சோலாரா, ஊருக்குப் பொதுவாக ஒரு மினி கிரிட்டா (ஊரிலேயே மின்சாரம் எடுத்து வீடுகளுக்குப் பங்கிடும் சிறு வலை), நாடெங்கும் ஓடும் மத்திய மின்தொகுப்பின் கம்பி வரும்வரை பொறுத்திருப்பதா? எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதை உயிரோடு வைத்திருப்பது எப்படி? களத்தில் இருந்தவர்கள் எழுதுங்கள்.

மின்பொறி எழுதியது:

நான் பழுதுபார்ப்பவன். பேனலைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. இருபது, இருபத்தைந்து ஆண்டு உழைக்கும். அவ்வப்போது தூசியைத் துடைத்தால் போதும். சாவது பேட்டரிதான். அது எப்படிச் சாகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் திட்டம் போடுகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. அதற்காகத்தான் சார்ஜ் கன்ட்ரோலர் இருக்கிறது. அளவு இறங்கியதும் இணைப்பைத் துண்டித்துவிடும். மழைக்காலத்தில் இரண்டு நாள் வெயில் இல்லை என்று வையுங்கள். இரவு எட்டு மணிக்கு விளக்கு அணைகிறது. வீட்டுக்காரர் என்ன செய்வார்? பிள்ளைக்கு மறுநாள் தேர்வு. கன்ட்ரோலரைத் தாண்டி ஒரு ஒயரை எடுத்து பேட்டரியில் நேராகச் சுற்றிவிடுவார். விளக்கு எரியும். அந்த ஒயர் பிறகு கழற்றப்படுவதே இல்லை. தினமும் பேட்டரி அடிமட்டம்வரை வடிகிறது; உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து இறுகுகிறது. இதோடு டிஸ்டில்டு வாட்டர் கிடைக்காத ஊரில் கிணற்று நீரை ஊற்றிவிட்டால் முடிந்தது கதை. ஐந்து ஆண்டு வர வேண்டியது ஒன்றரை ஆண்டில் படுத்துவிடும்.

இதற்கு அந்த வீட்டுக்காரரைக் குறை சொல்லாதீர்கள். தேவைக்குச் சிறிய அமைப்பைக் கொடுத்துவிட்டு "தவறாகப் பயன்படுத்தினார்கள்" என்று அறிக்கை எழுதுவதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இப்போது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வந்துவிட்டது. உள்ளே இருக்கும் மின்சாரத்தில் எண்பது விழுக்காட்டை எடுத்துவிடலாம். மூவாயிரம் முறைக்கு மேல் ஏற்றி இறக்கினாலும் தாங்கும். தண்ணீர் ஊற்றும் வேலையே இல்லை. விலையும் வெகுவாக இறங்கிவிட்டது. இனியும் மலிவு என்று ஈய அமில பேட்டரியை வாங்கித் தொலைதூர ஊர்களில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். செத்த ஈய பேட்டரியை எங்கோ கொல்லைப்புறத்தில் உருக்குகிறார்கள்; அந்தப் புகையும் மண்ணும் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கின்றன. அந்தச் செலவை எந்தத் திட்டமும் கணக்கில் எழுதுவதில்லை.

கணக்கர் எழுதியது:

மின்பொறி சொன்ன தொழில்நுட்பத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அடிப்படையையே கேட்கிறேன். 110 கோடிக்கு மேல் இருந்ததை 68 கோடியாகக் குறைத்ததில் பெரும்பங்கு எதற்கு? கம்பம் நட்டு, கம்பி இழுத்து, மத்திய மின்தொகுப்பில் இணைத்ததற்குத்தான். இந்தியா, வங்கதேசம், இலங்கை மூன்றும் அப்படித்தான் கரையேறின.

பீகாரில் தர்ணாய் என்ற கிராமம். 2014இல் அங்கே 100 கிலோவாட் சோலார் மினி கிரிட் ஒன்று பெரிய அறிவிப்போடு தொடங்கப்பட்டது. ஊர்மக்கள் முன்னாள் முதலமைச்சர் வந்தபோதே மின்வாரிய இணைப்பு வேண்டும் என்று கேட்டார்கள். காரணம் எளிது. மினி கிரிட்டில் யூனிட் விலை அதிகம். ஃபிரிட்ஜ், ஹீட்டர் போன்றவற்றைப் போடாதீர்கள் என்று கட்டுப்பாடு வேறு. விரைவிலேயே மின்வாரியக் கம்பி வந்தது, மலிவான மானிய விலையில். சோலார் நிலையம் கேட்பாரற்றுப்போய் மாடு கட்டும் இடமானதாகச் செய்திகள் வந்தன.

வங்கதேசத்தில் 2003இல் தொடங்கிய வீட்டுச் சோலார் திட்டம் உலகிலேயே மிகப் பெரியது. 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள், தவணைமுறையில். மிக நன்றாக நடந்தது. பிறகு கிராமங்களுக்குக் கம்பி வேகமாக வந்தது. இன்னொரு பக்கம் அரசே வேறு திட்டத்தில் சோலாரை இலவசமாகக் கொடுத்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு இலவசம் என்றால் நான் எதற்குத் தவணை கட்ட வேண்டும் என்று கேட்பது நியாயம்தானே? வசூல் சரிந்தது. களத்தில் ஊழியர்களை வைத்திருந்த அமைப்புகள் கடனில் மூழ்கின.

ஏழைக்குத் தனியாக ஒரு சின்ன விளக்கைக் கொடுத்து, நகரத்தாருக்கு முழு மின்சாரம் கொடுப்பது எனக்கு ஏற்புடையதல்ல. மத்திய மின்தொகுப்பில் பணக்காரர் கட்டும் கட்டணம் ஏழையைத் தாங்குகிறது. மினி கிரிட்டில் ஏழையே ஏழையைத் தாங்க வேண்டியிருக்கிறது.

மேட்டுநிலம் எழுதியது:

கடைசி இரண்டு வரியும் சரியான இடத்தில் அடிக்கின்றன. என்றாலும் கணக்கர் ஐயா, நீங்கள் சொன்ன மூன்று நாடுகளும் மக்கள் நெருக்கமாக வாழும் நாடுகள். ஒரு கிலோமீட்டர் கம்பி இழுத்தால் பல வீடுகள் இணையும். சாட், நைஜர், காங்கோ போன்ற இடங்களில் குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன. தேசிய மின்நிறுவனங்களோ ஏற்கெனவே நட்டத்தில் தத்தளிக்கின்றன. புதிதாக இணையும் ஒவ்வொரு ஏழை வீடும் அவற்றுக்கு மேலும் நட்டம். அங்கே காத்திருங்கள் என்றால் ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும்.

"மின்மயமானது" என்பதன் வரையறையையும் பாருங்கள். ஒரு கிராமத்தில் பொது இடங்களும் பத்து விழுக்காடு வீடுகளும் இணைக்கப்பட்டால் அந்தக் கிராமம் மின்மயமானது என்பது இந்திய அரசின் வரையறையாக இருந்தது. 2018 ஏப்ரலில் மணிப்பூரின் லைசாங் கடைசிக் கிராமமாக அறிவிக்கப்பட்டபோதும் கோடிக்கணக்கான வீடுகளில் இணைப்பு இல்லை. வீடுகளுக்கென்று தனியாக சௌபாக்யா திட்டம் நடந்துகொண்டிருந்தது. இன்னொரு பக்கம், மின்வசதியை அளக்கும் உலக வங்கியின் ஐந்து படிநிலை அளவுகோலில் முதல் படிக்கு ஒரு நாளைக்கு 12 வாட்-மணி போதும். இரண்டு மூன்று விளக்கும் ஒரு கைபேசியும். ஐந்தாம் படிக்கு 8.2 யூனிட், அதாவது 8,200 வாட்-மணி. முதல் படியில் ஏறியவரையும் ஐந்தாம் படியில் இருப்பவரையும் ஒரே கட்டத்தில் போட்டு எண்ணினால் கணக்கு அழகாகத்தான் இருக்கும்.

தர்ணாய் எனக்குச் சொல்வது வேறு. கம்பி வரும்போது மினி கிரிட் என்ன ஆகும் என்பதற்கு ஒப்பந்தம் இல்லாததுதான் அங்கே சிக்கல். நைஜீரியா 2016இல் கொண்டுவந்த விதிமுறை இதை முன்கூட்டியே தீர்க்கிறது: உரிமம் பெற்ற மினி கிரிட்டை மத்திய மின்தொகுப்பு எட்டிவிட்டால், நடத்துபவர் அதோடு இணைந்து தொடரலாம், அல்லது இழப்பீடு பெற்று ஒப்படைத்துவிடலாம். நேபாளத்தில் நுவாகோட் மாவட்டத்தின் ஸ்யௌரேபூமி சிறு நீர்மின் நிலையம் வெறும் 23 கிலோவாட். 2018இல் அதைத் தேசிய மின்தொகுப்போடு இணைத்தார்கள். அதுவரை ஊருக்கு மட்டும் ஓடியது, இப்போது மின்சாரத்தை விற்கிறது. எனவே முதல் நாளே மத்திய மின்தொகுப்பின் தரத்துக்கு ஏற்ற கம்பமும் கம்பியும் மீட்டரும் போட வேண்டும். கொஞ்சம் செலவு கூடும். ஆனால் பின்னால் வீணாகாது.

நீரோடை எழுதியது:

எல்லோரும் சோலாரையே பேசுகிறீர்கள். மலைப்பகுதியில் ஓடை இருந்தால் முதலில் ஓடையைப் பாருங்கள்.

நொடிக்கு 20 லிட்டர் தண்ணீர், 30 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது என்று வையுங்கள். இழப்பெல்லாம் போகப் பாதிதான் கைக்கு வரும் என்றாலும் 3 கிலோவாட். அற்பம் என்று தோன்றும். ஆனால் அது இரவும் பகலும் ஓடும்: ஒரு நாளைக்கு 70 யூனிட். அதே 70 யூனிட்டைச் சோலாரில் எடுக்க ஏறத்தாழ 20 கிலோவாட் பேனல் வேண்டும், இரவுக்குப் பேட்டரியும் வேண்டும். ஓடைக்குப் பேட்டரி வேண்டாம்.

குறையும் சொல்லிவிடுகிறேன். மாலையில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் சுவிட்ச் போடுவார்கள். 3 கிலோவாட்டை 200 வீட்டுக்குப் பங்கிட்டால் வீட்டுக்கு 15 வாட்தான். நள்ளிரவிலோ யாரும் பயன்படுத்துவதில்லை. சுமை குறைந்தால் டர்பைன் வேகம் பிடித்து ஓடும். அதைத் தடுக்க மின்னணுச் சுமைக் கட்டுப்படுத்தி ஒன்று இருக்கும்; மிஞ்சும் மின்சாரத்தை ஒரு தொட்டித் தண்ணீரில் மூழ்கிய ஹீட்டருக்குத் திருப்பிவிடும். அந்த ஹீட்டர் கம்பி எரிந்துபோனதை யாரும் கவனிக்காவிட்டால் ஒரே இரவில் மின்னழுத்தம் ஏறி ஊரில் உள்ள பல்புகள் எல்லாம் போய்விடும். மலிவான ஹீட்டர் கம்பி ஒன்றை மாற்று உதிரியாக அலமாரியில் வைத்திருந்தால் போதும். வைத்திருப்பதில்லை.

தினசரி வேலை இன்னும் எளிமையானது. தலைமடையில் உள்ள கம்பிச் சல்லடையில் சேரும் இலைதழையை வாரிப்போட வேண்டும். மழைக்காலத்தில் மணல் படியும் தொட்டியைத் திறந்து கழுவிவிட வேண்டும். மணல் டர்பைனுக்குள் போனால் இதழ்களை அரித்துத் தின்றுவிடும். இந்த வேலைக்கு ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுக்கும் ஊரில் நிலையம் ஓடுகிறது. முறைவைத்து ஆளுக்கு ஒரு நாள் செய்யலாம் என்று முடிவெடுத்த ஊரில் முதல் அறுவடைக் காலத்திலேயே நின்றுபோகிறது. இலங்கையின் மலையோரக் கிராமங்களில் மின் நுகர்வோர் சங்கம் வைத்து இப்படி நடத்திய சிறு நீர்மின் நிலையங்கள் பல இருந்தன. மின்வாரியக் கம்பி வந்ததும் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. மேட்டுநிலம் சொன்ன இணைப்பு விதி அப்போது கைகொடுத்திருக்கும்.

செவ்வந்தி எழுதியது:

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். வீடா, ஊரா என்ற விவாதத்தில் எங்களை மறந்துவிடாதீர்கள். வருமானம் குறைந்த நாடுகளில் ஏறத்தாழ 100 கோடி மக்கள் நம்பியிருக்கும் மருத்துவ நிலையங்களில் மின்சாரம் இல்லை அல்லது நம்பகமாக இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் மற்ற அமைப்புகளும் 2023இல் கூறின. நள்ளிரவில் பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு நிற்கவில்லை என்றால், எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வெளிச்சம் வேண்டும். ஒரு கையில் கைபேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு தையல் போட முடியாது.

தடுப்பூசிக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். இதற்குப் பேட்டரியே இல்லாத சோலார் குளிர்பதனப் பெட்டி இருக்கிறது. பகலில் பேனல் நேராக கம்ப்ரசரை ஓட்டி உள்ளே பனிக்கட்டி உறையச் செய்யும். அந்தக் குளிரே இரவையும் மப்பான நாட்களையும் தாண்டிவிடும். மின்பொறி சொன்ன பேட்டரிச் சாவு இதில் கிடையாது. பேட்டரி இல்லாமல் செய்ய முடிந்ததையெல்லாம் பேட்டரி இல்லாமலே செய்யுங்கள் என்பது என் வேண்டுகோள்.

ஒரு குறை. எங்கள் நிலையத்தின் கூரையில் சோலார் வைத்தவர்கள் உத்தரவாதக் காலம் முடிந்ததும் வரவில்லை. பழுதென்றால் யாருக்கு எழுதுவது என்றே தெரியவில்லை. சுகாதாரத் துறை மின்துறையைக் கைகாட்டுகிறது, மின்துறை சுகாதாரத் துறையைக் கைகாட்டுகிறது.

மின்பொறி எழுதியது:

செவ்வந்தி அம்மா சொன்னது பொன்னான வார்த்தை. இதையே தொழிலுக்கும் நீட்டுகிறேன்.

விளக்கை மட்டும் நம்பி மினி கிரிட் பிழைக்காது. 200 வீடு, வீட்டுக்கு 0.3 யூனிட் என்றால் 60 யூனிட். அதை விற்று வரும் பணம் ஒரு ஆளின் சம்பளத்துக்கே இழுபறி. பகலில் வாங்க ஆள் வேண்டும்: மாவு அரைக்கும் இயந்திரம், தச்சுப் பட்டறை, வெல்டிங், பால் குளிர்விப்பு, தண்ணீர் இறைப்பு. பகலில் விற்பது பேட்டரியைத் தொடாத மின்சாரம், எனவே விலையையும் குறைக்கலாம்.

இங்கே ஒரு நுணுக்கம். 5 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது 4 கிலோவாட் அளவுக்குத்தான் எடுக்கும். ஆனால் கிளம்பும் அந்த இரண்டு நொடியில் ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். இன்வெர்ட்டர் தாங்காமல் டிரிப் ஆகும். ஊர் முழுக்க மின்சாரம் போகும். இரண்டு முறை இப்படி ஆனதும் ஊர்க்கூட்டம் கூடி இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிடும். இயந்திரக்காரர் பழைய டீசல் எஞ்சினுக்கே திரும்புவார். மினி கிரிட்டின் மிகப் பெரிய வாடிக்கையாளர் போய்விட்டார். இதைத் தடுக்க மோட்டாருக்கு முன்னால் வேகத்தைப் படிப்படியாக ஏற்றும் டிரைவ் ஒன்றை வைத்தால் போதும். இழுப்பு அடங்கிவிடும். அந்தக் கருவியின் செலவைத் திட்டமே ஏற்க வேண்டும். பேனலுக்குக் கோடிகள் ஒதுக்குகிறவர்கள் இதற்கு "பயனாளி பொறுப்பு" என்று எழுதிவிடுகிறார்கள்.

வயல்வரப்பு எழுதியது:

தண்ணீர் இறைப்பு என்று மின்பொறி போகிறபோக்கில் சொல்லிவிட்டார். அங்கே நின்று யோசிக்க வேண்டும். டீசல் பம்ப் என்றால் ஒவ்வொரு மணி நேரமும் காசு; விவசாயி அளந்து இறைப்பார். சோலார் பம்ப்புக்கு ஓட்டச் செலவே இல்லை. வெயில் இருக்கும்வரை ஓடும். பாகிஸ்தான் 2024இல் மட்டும் ஏறத்தாழ 17 ஜிகாவாட் பேனல் இறக்குமதி செய்தது. அதில் கணிசமானவை ஆழ்துளைக் கிணறுகளுக்குப் போயின. நிலத்தடி நீர் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும் பகுதிகளில் இது பெரிய கவலை.

தீர்வு இல்லாமல் இல்லை. குஜராத்தின் துண்டி கிராமத்தில் விவசாயிகள் 2016இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாசனம் போக மிஞ்சும் மின்சாரத்தை மின்விநியோக நிறுவனத்துக்கு விற்றார்கள். விற்றால் காசு என்று ஆனபின் வீணாக இறைக்க மனம் வராது. மினி கிரிட் உள்ள ஊரில் பம்ப்புகளையும் அதே வலையில் இணைத்து, மிச்சத்தை வாங்கிக்கொள்ளலாம். தனித்தனியாக மானியப் பம்ப் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கணக்கர் எழுதியது:

இழையில் என் நிலை சற்று நகர்ந்திருக்கிறது. மத்திய மின்தொகுப்பு எட்டக்கூடிய ஊரில் அதுவே முதல் உரிமை என்பதில் மாற்றமில்லை. எட்டாத ஊரில் மினி கிரிட் என்றால் கட்டணத்தை யார் தாங்குவது என்ற என் கேள்விக்கு விடை வேண்டும். நகரத்துக்குக் கொடுக்கும் அதே மானியத்தை யூனிட் கணக்கில் மினி கிரிட் நடத்துபவருக்கும் கொடுக்கட்டும். தொடக்கத்தில் ஒரே மூட்டையாகக் கொடுக்காமல், மின்சாரம் ஓடியதை மீட்டரில் பார்த்து ஆண்டுதோறும் கொடுத்தால், ஓடாத நிலையத்துக்குப் பணம் போகாது. தொலைவிலிருந்தே படிக்கக்கூடிய மீட்டர் இப்போது இருக்கிறது. கென்யாவில் கைபேசிப் பணத்தில் தினமும் சில்லறையாகக் கட்டி சோலார் வாங்கும் முறை 2012 முதல் பரவியது. வசூலுக்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை என்பது நிரூபணமாகிவிட்டது. ஆனால் ஒன்று: கட்டத் தவறினால் விளக்கைத் தொலைவிலிருந்தே அணைத்துவிடும் அந்த ஏற்பாடு எனக்கு உறுத்துகிறது. விளைச்சல் இல்லாத மாதத்தில் ஒரு குடும்பத்தை இருட்டில் உட்காரவைப்பது கடன்வசூலே தவிரப் பொதுச்சேவை அல்ல. விளக்குக்கு மட்டுமான சிறிய அளவு எந்த நிலையிலும் நிற்கக் கூடாது என்று விதி வேண்டும்.

மேட்டுநிலம் எழுதியது:

இந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். நான் மதிப்பிடும் அடுத்த திட்டத்தில் இவற்றைக் கேட்கப்போகிறேன்: பேட்டரி மாற்று நிதி தனிக் கணக்கில், முதல் மாத வசூலிலிருந்தே, ஊரில் சம்பளத்துக்கு ஒரு ஆள், உதிரிபாக அலமாரி, மோட்டாருக்கு டிரைவ், மின்தொகுப்பு வந்தால் என்ன என்ற ஒப்பந்தம், சுகாதார நிலையத்துக்குப் பழுதுபார்ப்புப் பொறுப்பாளர் ஒருவர், எழுத்தில். இவை இல்லாவிட்டால் பேனல் எண்ணிக்கையைக் குறைத்தாவது இவற்றுக்குப் பணம் ஒதுக்கச் சொல்வேன்.

சம்பளத்துக்கு ஆள் என்றேனே, அதில் ஒரு சிக்கல். பயிற்சி கொடுத்த இளைஞர்கள் சான்றிதழ் கைக்கு வந்ததும் நகரத்துக்குப் போய்விடுகிறார்கள். இதற்கு வழி?

செவ்வந்தி எழுதியது:

நடுவயதுப் பெண்களுக்குக் கற்றுக்கொடுங்கள். இராஜஸ்தானில் திலோனியாவில் உள்ள வெறுங்கால் கல்லூரி இதைத்தான் செய்தது. ஆப்பிரிக்கா உட்படப் பல நாடுகளின் கிராமங்களிலிருந்து வந்த பெண்கள், பலர் பாட்டிகள், பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், பொது மொழிகூட இல்லாமல் நிறக்குறியீட்டையும் சைகையையும் வைத்து ஆறு மாதத்தில் சர்க்யூட் பலகையைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். வீடும் நிலமும் பேரப்பிள்ளைகளும் ஊரில் இருப்பதால் அவர்கள் வெளியேறுவது அரிது. ஆனால் தொண்டு என்று சொல்லிச் சம்பளம் இல்லாமல் வேலை வாங்கிவிடாதீர்கள். இரண்டு பேருக்காவது பயிற்சி கொடுங்கள். ஒருவர் நோயில் படுத்தால் மற்றவர் பார்க்க வேண்டும்.

மின்பொறி எழுதியது:

அதோடு அவர்கள் கையில் நல்ல மல்டிமீட்டர் ஒன்றும், பேட்டரி விற்பவரிடம் நேராகப் பேசி வாங்கும் அதிகாரமும் இருக்கட்டும். ஒரு ஃபியூஸ் வாங்கத் தலைநகரில் கையெழுத்துக்குக் காத்திருந்த நிலையத்தைப் பார்த்திருக்கிறேன். மேட்டுநிலம், உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்: குறிப்பிட்ட தொகைக்குக் கீழே உள்ள எந்தப் பழுதுக்கும் ஊரிலேயே முடிவெடுக்கலாம்.

மேட்டுநிலம் எழுதியது:

சேர்த்துவிட்டேன். அடுத்த வாரம் வரைவை இங்கே போடுகிறேன். கணக்கர் ஐயா கட்டணப் பகுதியையும் நீரோடை உதிரிபாகப் பட்டியலையும் பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.